மயிர்ப்புரைப் புண்: அறுவை முறைகள் ஓர் ஒப்பீடு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை மாணவன்)

நோய்களில் இரண்டு வகை உண்டு. ஊரறியச் சொல்லக்கூடிய நோய் ஒன்று. வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூசும் நோய் மற்றொன்று. காய்ச்சல் வந்தால் நாலு பேரிடம் சொல்லி நாலு வைத்தியம் கேட்டுக்கொள்கிறோம். உட்காரும் இடத்தில் ஒரு புண் வந்தால் என்ன செய்கிறோம்? வாயை மூடிக்கொள்கிறோம். புண் வாயைத் திறந்துகொள்கிறது.

என் அண்ணனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் ஓட்டுநர். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து புறப்பட்டால் ஒடிசா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வண்டியிலேயே வாழ்க்கை. முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே ஒரு வீக்கம் வந்தது. உடைந்து சீழ் வடிந்தது. ஆறியது போலிருந்து மீண்டும் வந்தது. ஓராண்டு காலம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு, சுவரெழுத்து விளம்பரம் பார்த்து, மூலம் பவுத்திரத்துக்கு ஊசி போடும் ஓரிடத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு வீடு திரும்பினார். கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது.

"ஏன் தம்பி, காலேசுல படிக்கறயே, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். சீட்டைப் படித்தேன், பொருள் விளங்கவில்லை. 'எக்ஸிஷன் அண்ட் பிரைமரி குளோஷர்' என்றிருந்தது. 'வெட்டியெடுத்துத் தைத்திருக்கிறார்கள்' என்று மட்டும் சொன்னேன். ஒன்பதாம் நாள் தையல் பிரிந்துபோயிற்று. ஏன் பிரிந்தது, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று தொடங்கி நூலகத்திலும், பேராசிரியர்களிடமும், பின்னர் ஓர் அறுவை மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை. "எழுது, என் பேரை மட்டும் போடாதே" என்று அண்ணன் இசைவு தந்த பிறகே எழுதுகிறேன்.

பெயரும் காரணமும்

இந்நோய்க்கு மருத்துவ நூல்கள் இட்ட பெயர் 'பைலோனைடல் சைனஸ்' என்பது. இலத்தீனில் 'பைலஸ்' என்றால் மயிர். 'நைடஸ்' என்றால் கூடு. மயிர் கட்டிய கூடு என்பது பொருள். 1880-ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவர் ஹாட்ஜஸ் என்பார் இப்பெயரைச் சூட்டினார். 'சைனஸ்' என்பதற்கு நம்மிடம் அழகான சொல் முன்பே இருக்கிறது. 'புண் புரையோடிவிட்டது' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் 'புரை' தான் அது. ஆகவே மயிர்ப்புரைப் புண் என்றே இங்கு வழங்குகிறேன்.

இரு பிட்டங்களுக்கும் இடையிலுள்ள பிளவில், ஆசனவாய்க்குச் சில அங்குலம் மேலே, ஊசி குத்தியது போன்ற ஒன்றிரண்டு சிறு துளைகள் தெரியும். வெளியே துளை சிறிது. உள்ளே புரை நீளம். ரிக் வண்டிக்காரர் வீட்டில் இதை எளிதில் விளக்கிவிடலாம்: மேலே ஆறங்குல வாய், கீழே போவதோ எத்தனையோ அடி! இது மூலமும் அன்று, பவுத்திரமும் அன்று. பவுத்திரம் குடலோடு தொடர்புடையது. மயிர்ப்புரை தோலோடும் அதன் அடியிலுள்ள கொழுப்போடும் நின்றுவிடுவது. இவ்வேறுபாடு தெரியாமல் பணத்தையும் காலத்தையும் இழப்போர் பலர்.

மயிர் எப்படி உள்ளே போகிறது? நம் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு தலைமுடியை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். அதன் மேற்பரப்பில் ஓடு வேய்ந்தது போல் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காய் இருக்கும். செதில்களின் நுனி யாவும் முடியின் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். அதே முடியை இரு விரல்களுக்கிடையே வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால், அது வேர்ப்பக்கமாகவே நகர்ந்து செல்லும். காட்டில் நடக்கும்போது வேட்டியில் ஏறும் ஊசிப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அது முன்னே போகும், பின்னே வராது. உதிர்ந்த முடியும் அவ்வாறே பிளவில் விழுந்து, உட்கார்ந்து அசையும்போது ஏற்படும் உராய்வினால் ஈரமான தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. உடல் அதை அயற்பொருளாகக் கருதிப் போர் தொடுக்கிறது. சீழ் என்பது அப்போரின் விளைவே.

அந்த முடி அவ்விடத்து முடியாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புரைகளிலிருந்து எடுத்த முடிகளில் பெரும்பகுதி வேரில்லாத, வெட்டுண்ட கூர்முனையுடைய துண்டுகள் என்று கண்டனர். அவை தலைமுடியை ஒத்திருந்தன. முடி வெட்டிக்கொண்டு நன்றாகக் குளிக்காமல் வண்டியேறும் பழக்கத்தை விடவேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இந்நோய் பெரும்பாலும் இளைஞரையே பற்றுகிறது. நார்வே நாட்டில் செய்த ஒரு கணக்கெடுப்பின்படி ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் 26 பேருக்கு இது வருகிறது. பெண்களைப்போல் ஏறக்குறைய 2.2 மடங்கு ஆண்களுக்கு வருகிறது. இதைப் படிக்கும் நண்பர்களின் வயதுதான் இதற்கு உகந்த வயது என்பதை மறக்கவேண்டாம்.

ஜீப்பு நோய்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழ எண்பதாயிரம் வீரர்கள் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கரடுமுரடான நிலத்தில் ஜீப்பு வண்டியில் குலுங்கிக் குலுங்கிச் சென்றவர்கள் பலர். 1944-இல் லூயி புயி என்னும் மருத்துவர் இதற்கு 'ஜீப்பு நோய்' என்றே பெயரிட்டு எழுதினார்.

அக்காலத்தில், இது கருவிலேயே ஏற்பட்ட குறை என்று பெரும்பாலோர் நம்பினர். பிறவிக் குறை என்றால் வேரோடு பிடுங்கவேண்டும் அல்லவா? எனவே எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகவும் அகலமாகவும் வெட்டினார்கள். வீரர்கள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தனர். பலருக்கு நோய் திரும்பவும் வந்தது.

1946-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பேட்டி, ஸ்கார்ஃப் என்னும் இருவர் வேறொரு கருத்தை வலியுறுத்தினர். முடிதிருத்துவோரின் விரலிடுக்கில் இதே நோய் வருகிறது. விரலிடுக்கில் பிறவிக் கூடு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து முடி நுழைவதே காரணம் என்றனர். அதன்பின் காட்சி மாறலாயிற்று. முடியே காரணம் என்றால், கொழுப்பையும் தசையையும் அள்ளி எறிவானேன்? முடி தங்கும் ஆழமான, ஈரமான பிளவு அப்படியே இருந்தால் நோய் மீண்டும் வராதா? காரணம் பற்றிய எண்ணம் மாறியபோது, கத்தி செல்லும் வழியும் மாறியது. இன்றுள்ள அறுவை முறைகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

அறுவைக்கு முன்

துளை மட்டும் இருந்து, வலியோ சீழோ இல்லையென்றால் அறுவை தேவையில்லை. அவ்விடத்தைத் தூய்மையாகவும் முடியில்லாமலும் வைத்துக்கொண்டால் போதும்.

திடீரென வீங்கிச் சீழ் கட்டிவிட்டால், முதலில் கீறிச் சீழை வெளியேற்றவேண்டும். கீறல் நடுப்பிளவில் இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருப்பது நல்லது. நடுப்பிளவுக் காயம் எளிதில் ஆறுவதில்லை. இதனாலேயே பாதிப்பேருக்குச் சற்று மேல் புண் ஆறிவிடுகிறது. ஆனால் ஆறியவர்களிலும் சிலருக்கு மீண்டும் வரும். உள்ளே முடி இருக்கும்வரை மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை.

நாட்பட்ட புரைக்கும், திரும்பத் திரும்ப வரும் புரைக்கும்தான் பின்வரும் முறைகள்.

முதல் முறை: வெட்டித் திறந்து விடுதல்

புரை முழுவதையும் வெட்டியெடுத்து, தைக்காமல் விட்டுவிடுவது இது. அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து குழி மெல்ல நிரம்பவேண்டும். சிலர் காயத்தின் ஓரங்களை அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்துக் குழியைச் சிறிதாக்குவர். இம்முறை எளிது, நோய் திரும்புவதும், நடுவில் தைப்பதைவிடக் குறைவு. ஆனால் ஆற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். சிலருக்கு அதற்கும் மேல். நாள்தோறும் கட்டு மாற்றவேண்டும். தையல் பிரிந்தபின் என் அண்ணனுக்கு வாய்த்தது இதுதான். அம்மாதான் தினமும் கட்டு மாற்றினார். இருபத்தாறு வயது மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா எதுவும் பேசமாட்டார். மூன்று மாதம் சம்பளம் இல்லை. வண்டிக்கு வேறு ஓட்டுநரைப் போட்டுவிட்டார்கள்.

இரண்டாம் முறை: நடுக்கோட்டில் தைத்தல்

வெட்டியெடுத்து, பிளவின் நடுவிலேயே நேராகத் தைத்துவிடுவது. அண்ணனின் சீட்டில் எழுதியிருந்தது இதுவே. சரியாக ஆறினால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதுவே இதன் கவர்ச்சி. ஆனால் தையல் விழும் இடமோ பிளவின் ஆழம். அங்கே காற்றில்லை, வியர்வை உண்டு, குனிந்தாலும் உட்கார்ந்தாலும் இரு பக்கமும் இழுக்கும். பழைய பிளவு அப்படியே இருக்க, நடுவில் ஒரு புதிய தழும்பும் சேர்கிறது. முடி நுழைய அதுவே வழியாகிறது. ஆகையால் தையல் பிரிவதும், நோய் திரும்புவதும் இதில் அதிகம்.

மூன்றாம் முறை: நடுக்கோட்டை விட்டு விலகுதல்

இங்கேதான் சிந்தனை மாற்றத்தின் பயன் தெரிகிறது. இதில் மூன்று பெயர்களை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

கிரேக்க நாட்டுப் படை மருத்துவர் கரிடாகிஸ், 1973-இல் தம் முறையை வெளியிட்டார். புரையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டி, மறுபக்கத்துத் தோலையும் கொழுப்பையும் மடலாக இழுத்துத் தைப்பார். தையல் நடுப்பிளவை விட்டு விலகிவிடும். பிளவின் ஆழமும் குறைந்துவிடும். 1992-இல், ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இவ்வாறு செய்து, நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே நோய் திரும்பியதாக அவர் எழுதினார்.

லிம்பெர்க் என்பார் சோவியத் நாட்டு மருத்துவர். அவர் வகுத்த மடல் முறை ஒரு வடிவியல் கணக்கு. 60 பாகையும் 120 பாகையும் கோணங்களாகக் கொண்ட சாய்சதுரமாகப் புரையை வெட்டியெடுக்கவேண்டும். அதே அளவுள்ள மடலைப் பக்கத்துப் பிட்டத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்து அக்குழியில் பொருத்தவேண்டும். சட்டையில் கிழிசலை இழுத்துத் தைத்தால் மீண்டும் கிழியும். அளவாக ஒட்டுப் போட்டால் கிழியாது. அதுதான் இங்கும். இழுவிசை இல்லை, பிளவு சமதளமாகிறது. பழைய வடிவத்தில் தழும்பின் கீழ்முனை நடுப்பிளவில் விழுந்து தொல்லை தந்ததால், அம்முனையையும் சற்றே விலக்கும் திருத்தம் பின்னர் வந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மருத்துவர் பாஸ்கம், 1980-இல் மயிர்க்கால்களே நோயின் தொடக்கம் என்று எழுதினார். பின்னாளில் அவர் வகுத்த 'பிளவு உயர்த்தும்' முறையில் கொழுப்பை அதிகம் வெட்டுவதில்லை. தோலை மட்டும் எடுத்து, பிளவை மேடாக்கி, தையலை ஒரு பக்கம் ஒதுக்குவார்.

இம்முறைகளுக்கும் குறையுண்டு. லிம்பெர்க் தழும்பு பெரிது. மடலின் மேல் சில காலம் உணர்ச்சி மந்தமாக இருக்கலாம். உள்ளே நீர் கோக்கலாம். அரிதாக மடலின் ஓரம் கருகலாம். கைத்திறனும் பயிற்சியும் உள்ள மருத்துவர் வேண்டும்.

நான்காம் முறை: சிறு துளை வழியே

நோய் சிறிதாக இருந்தால் பெரிதாக வெட்டுவானேன் என்பது இவ்வழியின் கருத்து. துளைகளை மட்டும் வட்டக் கருவியால் தோண்டியெடுத்து, உள்ளிருக்கும் முடியைச் சுத்தம் செய்வது ஒன்று. இஸ்ரேலைச் சேர்ந்த கிப்ஸ் குழுவினர் 1358 பேருக்கு இவ்வாறு செய்து 2008-இல் வெளியிட்டனர். முதலாண்டில் 6.5 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பத்தாண்டில் அது 16.2 விழுக்காடாயிற்று. புரையைச் சுத்தம் செய்து அதனுள் பீனால் என்னும் அரிக்கும் பொருளை இடும் முறை 1964-லிருந்து உள்ளது. மெல்லிய நோக்குக் குழலை உள்ளே செலுத்திக் கண்ணால் பார்த்தே முடியை எடுத்துச் சுடும் முறையை இத்தாலியின் மெய்னெரோ குழுவினர் அண்மையில் வகுத்தனர். லேசர் இழையைச் செலுத்திப் புரையைச் சுட்டு மூடுவது மற்றொன்று.

இவற்றில் வலி குறைவு. சில நாளில் வேலைக்குப் போகலாம். ஆனால் கிளை கிளையாய்ப் பரவிய புரைக்கும், பல முறை வெட்டித் தழும்பேறிய இடத்துக்கும் எல்லாம் பொருந்துவதில்லை. 'ஒரே நாளில் நிரந்தரக் குணம்' என்னும் விளம்பரத்தைப் பார்க்கும்போது கிப்ஸ் குழுவின் இரு எண்களையும் நினைத்துக்கொள்வது நலம்.

எது சிறந்தது?

பல ஆய்வுகளைத் தொகுத்து நிறுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2010-இல் இரண்டு முடிவுகளைத் தந்தது. திறந்து விட்டால் ஆற நாளாகும், ஆனால் நோய் திரும்புவது குறைவு. தைப்பதாக இருந்தால் நடுக்கோட்டில் தைக்காதே, விலகித் தை. 2018-இல் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய மற்றொரு ஆய்வு வேறொன்றையும் உணர்த்தியது: எவ்வளவு ஆண்டு தொடர்ந்து பார்க்கிறோமோ, அவ்வளவுக்கு நோய் திரும்பியோர் எண்ணிக்கையும் கூடுகிறது. நடுக்கோட்டுத் தையலில் இது தெளிவாகத் தெரிகிறது. எனவே ஆறு மாதம் பார்த்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லும் எந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஆகவே எல்லோருக்கும் பொதுவான சிறந்த முறை ஒன்றில்லை. ஆளுக்கும் நோய்க்கும் ஏற்ற முறை உண்டு. சிறிய, முதல்முறை வந்த புரையா? சிறுதுளை முறையைக் கேட்கலாம். திரும்பி வந்தாலும் பெரிய இழப்பில்லை. பரவியதா, பலமுறை வந்ததா? கரிடாகிஸ், லிம்பெர்க், பிளவு உயர்த்தல் ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். சீழும் அழுகலும் மிகுந்து தைக்க முடியாத நிலையா? திறந்து விடுவதே வழி. நோயையும், நோய்க்குக் காரணத்தையும், தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்யவேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறியது இதற்கும் பொருந்துமன்றோ?

அறுவைக்குப் பின்னும் ஒரு வேலை இருக்கிறது. அது முடியை அகற்றி வைத்தல். இதில் ஒரு வியப்பு. 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், லேசரால் முடி நீக்கியவர்களில் 9.3 விழுக்காட்டினருக்கும், சவரமோ களிம்போ பயன்படுத்தியவர்களில் 23.4 விழுக்காட்டினருக்கும், ஒன்றும் செய்யாதவர்களில் 19.7 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. சவரம் செய்வதால் பயன் உறுதியில்லை என்பதையே இது காட்டுகிறது. சவரத் துணுக்குகளும் கூர்மையானவை அல்லவா? எதைச் செய்வது என்று மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். குளிக்கும்போது அவ்விடத்தை நன்கு கழுவித் துடைத்தல், நெடுநேரம் உட்காராமல் இடையிடையே எழுந்து நடத்தல் ஆகியவற்றுக்குச் செலவில்லை.

முடிவுரை

இரண்டாம் முறை அறுவைக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். இம்முறை மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்டேன்: என்ன முறை செய்யப் போகிறீர்கள்? தையல் நடுவில் வருமா, பக்கத்தில் வருமா? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? மீண்டும் வந்தால் அடுத்து என்ன? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்துச் சாய்சதுரம் வரைந்து, மடல் எப்படித் திரும்பும் என்று காட்டினார். அண்ணன் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வெட்டின இடத்துல பக்கத்து மண்ணைத் தள்ளி நெரவுற மாதிரிங்களா?" என்றார். "அதேதான்" என்றார் மருத்துவர். எனக்கு விளங்க ஒரு வாரம் ஆனது. அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. இதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றரை ஆண்டு ஆகிறது. புண் வரவில்லை. குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்; இன்னும் பல ஆண்டுகள் பார்க்கவேண்டும் என்று மேலே கண்ட எண்களே சொல்கின்றன. அண்ணன் மீண்டும் வண்டி ஓட்டுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கிறார்.

நண்பர்களே, இந்நோய் உயிரைக் குடிப்பதன்று. ஆனால் மறைத்தால் வேலையைக் குடிக்கும், பணத்தைக் குடிக்கும், மன அமைதியைக் குடிக்கும். உங்களுக்கோ, உங்கள் விடுதி அறை நண்பருக்கோ இப்படி ஒரு வீக்கம் வந்தால், வெட்கத்தை ஒதுக்கிவிட்டு முதல் வாரத்திலேயே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரேனும் ஒரு சீட்டைக் கொடுத்து 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டால், தெரியாததைத் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள். படித்தவன் வீட்டுக்குச் செய்யவேண்டிய முதல் கடமை அதுவே என்று நான் எண்ணுகிறேன்.